கல்லில் இருப்பது சிப்பி குடைந்த துளையா? பார்த்துச் சொல்வது எப்படி

அட்லாண்டிக் கடல் நடுவே உள்ள அசோரஸ் தீவுகளில் மூத்தது சான்டா மரியா. எரிமலையாக எழுந்து, சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு மேல் தலைகாட்டியது. பிறகு அமிழ்ந்தது. சுமார் 35 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மறுபடி உயரத் தொடங்கி, இதுவரை 200 மீட்டருக்கு மேல் எழும்பியிருக்கிறது. அதனால்தான் லாவா அடுக்குகளுக்கு நடுவே சிப்பியும் சங்கும் நிறைந்த கடல் படிவுகளை அங்கே பார்க்க முடிகிறது. கல்லைக் குடைந்து வாழ்ந்த சிப்பிகளின் துளைகளைப் படித்துப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

லென்ஸ், அளவுகோல், சிறு டார்ச், நோட்டு போதும். சுத்தியல் வேண்டாம். அங்குள்ள புதைபடிவ இடங்கள் பாதுகாக்கப்பட்டவை. எதையும் பெயர்க்கக் கூடாது.

முதல் படி: எந்தக் கல்?

தென்கரையில் பிரைஞ்ஞா என்ற இடத்தில், சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முந்தைய படிவு ஒன்று உண்டு. அடியில் அலை அரித்த கரிய பசால்ட், அதாவது லாவா இறுகிய கல். அதன்மேல் சுண்ணாம்புப் பாசி கட்டிய வெளிறிய பொருக்கு. அதற்கும் மேலே மணல். சிப்பித் துளையைத் தேட வேண்டிய முதல் இடம் அந்த வெளிறிய பொருக்குதான். காரணத்தை நான்காம் படியில் சொல்கிறேன்.

இரண்டாம் படி: குமிழா, குடைவா?

புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். லாவா இறுகும்போது வாயு வெளியேறி, ஆப்பத்தின் நடுவில் இருப்பதுபோல் துளைகள் விழும். அவை கல் முழுக்க இருக்கும், உடைந்த முகத்திலும் தெரியும், சில நசுங்கி நீண்டிருக்கும். சிப்பித் துளை அப்படியல்ல. அது வெளிப்பரப்பிலிருந்து மட்டுமே உள்ளே போகும், சுவர் வழவழப்பாக இருக்கும், குறுக்கே எது வந்தாலும் வெட்டிக்கொண்டு போயிருக்கும். லென்ஸில் பாருங்கள்: கல்லில் பதிந்த ஒரு சிப்பி ஓடு துளையின் விளிம்பில் நறுக்கென்று வெட்டுப்பட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மூன்றாம் படி: கழுத்தைத் தேடுங்கள்

சிப்பி குஞ்சாக இருக்கும்போது நுழைந்து, வளர வளர உள்ளே குடைந்து அகலப்படுத்துகிறது. வாசல் மட்டும் குறுகியே இருக்கும். அதனால் துளைக்குச் சுரைக்குடுக்கையின் வடிவம்: ஒடுங்கிய கழுத்து, பருத்த வயிறு, உருண்ட அடி. வயிறு பெருத்த சிப்பி அந்தக் கழுத்து வழியே வெளியே வர வழியில்லை. பல துளைகளில் ஓடு அப்படியே உள்ளே கிடப்பது இதனால்தான். இந்த வடிவத் துளைக்கு 1842-இல் லேமரி என்ற பிரெஞ்சு அறிஞர் காஸ்ட்ரோகீனோலைட்டிஸ் என்று பெயர் வைத்தார். பெயர் துளைக்குத்தான், சிப்பிக்கு அல்ல.

கழுத்தே இல்லாமல் அகன்ற கிண்ணம்போல் தெரிகிறதா? மேற்பரப்பு பிற்பாடு தேய்ந்துபோயிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: குடைந்தது யார்?

லித்தோஃபாகா இனச் சிப்பிகள் பார்க்கப் பேரீச்சம்பழம் போலவே இருக்கும். உடலில் சுரக்கும் பொருளால் சுண்ணாம்பைக் கரைத்து வழி பண்ணுகின்றன. அவற்றின் ஓடும் சுண்ணாம்புதானே, அது கரையாதா? மேலே மூடியிருக்கும் பழுப்புத் தோல்தான் ஓட்டைக் காப்பாற்றுகிறது. பசால்ட்டிடம் இந்த வித்தை எளிதில் பலிக்காது. வெறும் பசால்ட்டில் பணியாரக் குழிபோல் ஆழமில்லாத வட்டங்கள் வரிசையாக இருந்தால், கடல் முள்ளெலி சுரண்டியதா என்று யோசியுங்கள். சல்லடைபோல் பொடித் துளைகள் நெருங்கி, உள்ளே சிற்றறைகளாக இணைந்திருந்தால் அது கடற்பஞ்சு. தடித்த சிப்பி ஓடுகளில் இதை எந்தக் கடற்கரையிலும் பார்த்துப் பழகலாம்.

ஐந்தாம் படி: எத்தனை முகம்?

உருண்டைக் கல் என்றால் சுற்றி வந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் துளை என்றால் அசையாமல் கிடந்திருக்க வாய்ப்பு அதிகம். எல்லாப் பக்கமும் என்றால் அலை புரட்டிப்போட்டிருக்கிறது.

ஆறாம் படி: உயரம்

துளை இருக்கும் இடம் ஒரு காலத்தில் கடலுக்கடியில் இருந்தது. ஆனால் கடல் இறங்கியதா, நிலம் ஏறியதா? இத்தாலியின் போட்சுவோலியில் ரோமானியர் காலத்துச் சந்தையின் மூன்று பளிங்குத் தூண்களில், ஆள் உயரத்துக்கும் மேலே சிப்பித் துளைகள் ஒரு பட்டையாகச் சுற்றியிருக்கின்றன. எரிமலைப் பகுதியான அங்கே தரையே தாழ்ந்து மீண்டும் உயர்ந்திருக்கிறது. பிரிட்டிஷ் நிலவியல் அறிஞர் சார்லஸ் லயல் 1830-இல் தன் நிலவியல் நூலின் முகப்புப் படமாக வைத்தது அந்தத் தூண்களைத்தான். பிரைஞ்ஞா படிவு உருவான காலத்தில் உலகெங்கும் கடல் இன்றைவிடச் சில மீட்டர் உயரமாக இருந்தது. எனவே அங்கே உயரத்தைப் பார்த்ததும் எல்லாம் நிலம் எழுந்ததால்தான் என்று எழுதிவிடாதீர்கள். தீவின் பல லட்சம் ஆண்டுப் பழைய படிவுகள் அதைவிட மிக உயரத்தில் கிடக்கின்றன, அது நிலம் எழுந்த கணக்கு.

அளக்கும்போது நீர்மட்டத்திலிருந்து அளந்து, அந்த நிமிடத்தின் நேரத்தையும் எழுதுங்கள். கடல் ஏறி இறங்கும் நேரம் சொல்லும் ஓத அட்டவணையோடு ஒப்பிட்டுத் திருத்த அது இல்லாமல் முடியாது. படம் எடுக்கச் சாய்ந்த வெயில் நல்லது. உச்சிவெயிலில் எல்லாத் துளையும் ஒன்றுபோலத் தெரியும். அப்போது டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, அளவுகோலையும் சேர்த்து எடுங்கள்.