கனடாப் பெட்டியில வந்த பழைய றிசீவர்: பிளக்கைக் குத்த முதல் பின்பக்கத்தைப் பாருங்கோ

எங்கட வீட்டு றிசீவர் (றேடியோவும் உள்ள, ஸ்பீக்கருக்குச் சத்தம் குடுக்கிற பெட்டி) கனடாவில இருந்து வந்தது. மச்சான் தனக்குப் புதுசு வாங்கின கையோட, பழசை உடுப்புகளால சுத்திக் கப்பல் பெட்டிக்குள்ள வைச்சு அனுப்பிவிட்டார். முள்ளியவளைக்கு வந்த அண்டைக்கே மருமகன் பிளக் தலையை மாத்திச் சுவரில குத்தினான். டப் எண்டொரு சத்தம், பிறகு கருகின மணம். ரெண்டு மாசம் அதுக்கு மேல பூச்சாடி இருந்தது.

ஆனபடியால் முதல் வேலை, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறது. கரண்ட் வயர் உள்ள போற இடத்துக்குக் கிட்ட வோல்ற் அடிச்சிருக்கும். கனடா, அமெரிக்கப் பெட்டியெண்டால் 120. யப்பான்காரர் தங்கட நாட்டுக்கெண்டு செய்தது 100. லண்டன், ஜேர்மன் பக்கத்தால வந்தது 230, 240 எண்டு இருக்கும். இலங்கையில எங்கட கரண்ட் 230. சில பெட்டிகளில வோல்ற் மாத்துற சின்னச் சுவிட்ச் இருக்கும். பிளக்கைக் கழட்டிப்போட்டு அதை 220–240 பக்கம் திருப்பினால் அலுவல் முடிஞ்சுது. இல்லாட்டி வோல்ற்றைக் குறைச்சுக் குடுக்கிற ஸ்ரெப்டவுன் ட்ரான்ஸ்போமர் வேணும். பிளக் தலையை மாத்துற அடப்ரர் வோல்ற்றைக் குறைக்காது, மருமகன் விட்ட பிழை அதுதான். றிசீவரில 250 வாட்ஸ் எண்டு போட்டிருந்தால் ட்ரான்ஸ்போமரை 500 இல எடுங்கோ. மட்டுமட்டாய் எடுத்தால் கை வைக்கேலாமல் கொதிக்கும்.

எங்கட பெட்டியில பியூஸ் மட்டும்தான் போயிருந்தது. அதே அம்பியரில புதுசு போட்டம். பியூஸ் போன இடத்தில செப்புத் தும்பை முறுக்கிப் போடுற கெட்டித்தனம் எங்கட ஆக்களிட்ட நல்லாய் இருக்கு. வேண்டாம். அடுத்தமுறை எரியப்போறது றிசீவருக்குள்ள இருக்கிற ட்ரான்ஸ்போமர்.

பழசு ஒண்டை ஆரிட்டையும் வாங்கிறதெண்டால், முதல் தூக்கிப் பாருங்கோ. பாரமாய் இருந்தால் உள்ளுக்க பெரிய ட்ரான்ஸ்போமரும் சூடு இழுக்கிற அலுமினியமும் இருக்கு. இந்தக் காலத்து மெல்லிசுப் பெட்டிகளில அது குறைவு. பிறகு ஸ்பீக்கர் கொழுவாமல் போட்டுப் பாருங்கோ. அநேகமானதில சில செக்கனில உள்ளுக்க 'டிக்' எண்டு கேட்கும்; அது ஸ்பீக்கருக்குப் பாதை திறக்கிற ரிலே. அப்பிடி டிக் வாற பெட்டியில ஒருநாள் அது வராட்டில் பெட்டி தன்னைத்தானே பூட்டிக்கொண்டு நிக்குது, உள்ளுக்க ஏதோ போயிட்டுது. டிக் கேட்டால், சத்தத்தைச் சைபருக்குக் கொண்டுவந்து, ஸ்பீக்கர் வயர் கொழுவுற ரெண்டு முனையிலயும் வோல்ற் அளக்கிற மல்ரி மீற்றரை டிசியில வைச்சு அளவுங்கோ. 50 மில்லிவோல்ற்றுக்குக் கீழ எண்டால் பயமில்லை. அதைவிட நல்லாய்க் கூடக் காட்டினால் ஸ்பீக்கரைக் கிட்டவும் கொண்டுபோகாதேங்கோ, கோயில் கருகிப்போம் (ஸ்பீக்கருக்குள்ள இருக்கிற கம்பிச் சுருளைச் சொல்லுறன், வற்றாப்பளை அம்மன் கோயிலை இல்லை).

சத்தம் கூட்டுற குமிழ் கரகரத்தால் விலையைக் குறைச்சுக் கேளுங்கோ, அது நோயில்லை. திருத்துற ஆளைக் கொண்டு கொன்ராக்ட் கிளீனர் (உள் முனைகளைத் துப்புரவாக்கிற ஸ்பிறே) அடிச்சு இருபது தரம் அந்தம் மட்டும் திருப்பினால் கரகரப்பு அடங்கும். மெல்லமாய்ப் பாட்டுப் போடேக்க ஒரு பக்கம் செத்து, சத்தம் கூட்டினால் திரும்பி வருதோ? ரிலேயின்ர முனை கறுத்துப்போச்சு, மாத்தலாம். ஆனால் மூடியைக் கழட்டி நீங்கள் கை விடாதேங்கோ. பிளக்கைக் கழட்டின பிறகும் பெரிய கப்பாசிற்றருக்குள்ள கரண்ட் நிக்கும்.

ஸ்பீக்கர் 8 ஓம் (கரண்டைத் தடுக்கிற அளவு) எண்டால் நல்லது. ஒரே சோடி முனையில ரெண்டு 8 ஓம் ஸ்பீக்கரின்ர வயர்களையும் சேர்த்துக் குடுத்தால் 4 ஓமாகும், பெட்டி சூடாகிப் பூட்டிக்கொள்ளலாம். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரை மாறிக் கொழுவினால் தவிலின்ர அடி காணாமல் போயிடும். சரியாய்க் கொழுவினால் நாதஸ்வரம் ஒரு பக்கம், தவில் ஒரு பக்கம், தாளம் நடுவில எண்டு பிரிச்சுக் கேட்கலாம். சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடல் சுத்தி, டைனமோவில றேடியோ கேட்ட எனக்கு அது பெரிய சங்கதி.

இனிக் குறைகள். எங்கட பெட்டியில எச்டிஎம்ஐ (படமும் சத்தமும் ஒரே வயரில போற ஓட்டை) இல்லை. இருக்கிற பழசுகளிலயும் 2009 க்கு முந்தினதெண்டால் ரிவியின்ர சத்தத்தை அந்த வயராலேயே திருப்பி எடுக்கிற வசதி இராது. படத்தை நேர ரிவிக்கு விடுங்கோ. சத்தத்தை மட்டும் ரிவியின்ர ஒப்ரிக்கல் (வெளிச்சத்தால சத்தம் அனுப்புற) ஓட்டையால எடுத்து, ரிவி செற்றிங்கில பிசிஎம் (சாதாரண ரெண்டு பக்கச் சத்தம்) எண்டு வையுங்கோ. அப்ப ரெண்டு ஸ்பீக்கருக்கும் பிழையில்லாமல் வரும். டொல்பி டிஜிற்றல் (கன ஸ்பீக்கருக்குச் சத்தத்தைப் பிரிச்சு அனுப்புற முறை) எண்டு றிசீவரின்ர முகப்பில எழுதியிருந்து, ஸ்பீக்கரும் அஞ்சாறு இருந்தால் மட்டும் ரிவியில டொல்பிக்கு மாத்துங்கோ. ரிவி றிமோட்டால சத்தம் கூட்டேலாது, எழும்பித்தான் போகோணும். போன் பாட்டுக்குச் சின்னப் புளுடூத் பெட்டியொண்டைச் சிவப்பு வெள்ளை வயரால கொழுவினால் போதும்.

எஃப்எம்மை நம்பி வாங்காதேங்கோ. யப்பான் பெட்டி 76 இல தொடங்கி 90 ஓட நிண்டிடும், எங்கட நிலையங்கள் கனக்க அதுக்கு மேல. நம்பர் காட்டுற கனடாப் பெட்டிகள் அநேகமாய் 0.2 ஆய்த் தாவுறதால சில நிலையங்களைத் தாண்டிப் போயிடும்.

மேல பின்னல் துணி போடாதேங்கோ, அதுதான் சூடு வெளியேற வழி. அந்த ஓட்டையால பல்லி இறங்கினால் கதை முடிஞ்சுது, ஆனபடியால் சுவரோட ஒட்டாமல் மேசை நடுவில வையுங்கோ. ஐப்பசி கார்த்திகையில வானம் இருண்டால் சுவிட்சை நிப்பாட்டினால் காணாது, பிளக்கையும் டிஷ் வயரையும் சேர்த்துக் கழட்டுங்கோ.