கூடிழந்த வல்லூற்றுக் குஞ்சைப் பறக்கவிட்டு வளர்த்தல்

இலங்கையின் வடக்கே வன்னியில் மரம் தறிக்கும்போது வல்லூற்றுக் கூடுகளும் சேர்ந்து விழுவதுண்டு. குஞ்சுக்குக் காயமில்லாவிட்டால், பக்கத்து மரக்கிளையில் ஓர் ஓலைக் கடகத்தைக் கட்டி அதற்குள் விடுங்கள். பெரும்பாலும் தாய் தேடி வந்து இரை கொடுக்கும். அரைநாள் ஒளிந்து நின்று பார்த்தும் வராவிட்டால்தான் மற்ற வழி. வல்லூறு சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பறவை என்பதால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவித்து, அவர்களின் அனுமதியோடுதான் வளர்க்க வேண்டும்.

வேட்டைக்குப் பறவை பழக்குவோர் இளம் குஞ்சுகளைச் சில கிழமை கட்டாமல் பறக்கவிடுவார்கள். அவை தாமாக இரை பிடிக்கத் தொடங்கியதும் திரும்பப் பிடிப்பார்கள். நாமும் இதே முறையில்தான் வளர்க்கிறோம். திரும்பப் பிடிப்பதில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

குஞ்சை வைக்கும் பெட்டி 4 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரம். முன்பக்கத்துக்குக் கம்பிவலை கூடாது, இறகு முறியும். வழுவழுப்பாகச் சீவிய தடிகளை ஓரங்குல இடைவெளியில் நெட்டுக்குத்தாக அடியுங்கள். மேலே கிடுகு. குளக்கட்டோ வயலோ தெரியும் இடத்தில், மின்கம்பிக்கு எட்டத்தில், 12 அடித் தூண்களில் ஏற்றுங்கள். மரநாயும் சாரையும் ஏறாமல் தூணைச் சுற்றி 3 அடிக்குத் தகரம், முசுறு எறும்பு ஏறாமல் அடியில் கிறீஸ்.

இரை கொடுக்கும் கையைக் குஞ்சு காணவே கூடாது. கண்டால் மனிதரைத் தாயென்று நம்பி, பிறகு ஆட்களைப் பார்த்துக் கத்திக்கொண்டு வந்து இறங்கும். கோழி வளர்ப்பவர் ஒருவர் அடித்தே கொன்றுவிடுவார். பின்பக்கம் 4 அங்குலக் குழாய் பொருத்தி அதனூடாக இரையைத் தள்ளுங்கள். குஞ்சொன்றுக்கு நாளுக்கு 40 முதல் 50 கிராம், இரண்டு வேளையாக. பண்ணைக் காடை, பொறியில் பிடித்த எலி நல்லது. நஞ்சு தின்ற எலி குஞ்சையும் கொல்லும். எலும்பும் இறகும் சேர்த்தே வெட்டிப் போடுங்கள். தனி இறைச்சியில் சுண்ணாம்புச் சத்துப் போதாது, கால் வளையும். தின்ற இறகையும் மயிரையும் அடுத்த நாள் இறுகிய உருண்டையாகக் கக்கும். பட்டினி கிடந்தால் வளரும் இறகில் குறுக்கே மெல்லிய கோடு விழும், பின்னர் அந்த இடத்திலேயே முறியும்.

வாலிறகின் அடியிலுள்ள நீல உறை காய்ந்ததும், காற்றில்லாத விடியலில் ஓசைப்படாமல் முன்பக்கத்தைத் திறவுங்கள். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் திறந்தால் குஞ்சு அள்ளுண்டு போய்த் திரும்ப வழி தெரியாது. அன்றிலிருந்து இரையை வெளிப்பலகையில், அதே நேரத்தில், கயிற்றால் இறுகக் கட்டி வையுங்கள். தூக்கிச் செல்ல முடியாததால் அங்கேயே தின்னும், எந்தக் குஞ்சு வரவில்லை என்றும் தெரியும்.

திறந்த மூன்றாம் நான்காம் கிழமையில் குஞ்சு இரைவேளைக்கு வரத் தவறும். வேட்டை தொடங்கிவிட்டதென்று உடனே இரையை நிறுத்தாதீர்கள். ஒரு நாள் இரை பிடித்த குஞ்சு மறுநாள் வெறும் வயிற்றோடு வரும். பத்து நாள் தொடர்ந்து இரை தொடப்படாமல் கிடந்தால் பெட்டியைக் கழற்றலாம்.