கார் முன்கண்ணாடி மாற்றும் முன்: காப்புறுதி, கண்ணாடி, கம், காயும் நேரம்

காராக் நெடுஞ்சாலையிலோ கூட்டரசு நெடுஞ்சாலையிலோ கல், மணல் ஏற்றிய லோரிக்குப் பின்னால் பத்து நிமிடம் ஓட்டினால் போதும், 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். காலையில் பார்த்தால் மிளகு அளவுப் புள்ளி. மதியம் வெயிலில் நிறுத்திய காரில் ஏறி ஏர்கோனை முழு வேகத்தில் வைத்ததும் அந்தப் புள்ளியிலிருந்து ஒரு கோடு கிளம்பும். கோலாலம்பூரில் வெயில், ஏர்கோன், திடீர் மழை மூன்றும் ஒரே நாளில் கண்ணாடியைத் தாக்குகின்றன. சூடேறிய கண்ணாடி சட்டென்று குளிரும்போது சுருங்கும். விரிசல் அந்த இழுப்பில்தான் நீள்கிறது.

எனவே புள்ளி விழுந்த அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வெளிப்பக்கத்தில், புள்ளியின் மேல் சுத்தமான செலோடேப் ஒட்டுங்கள். உள்ளே தண்ணீரும் அழுக்கும் புகுந்துவிட்டால் பிறகு புள்ளியை நிரப்பும் பசையான ரெசின் சரியாகப் பிடிக்காது. ஏர்கோன் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பாதீர்கள். சூடான கண்ணாடியில் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள்.

மாற்றத்தான் வேண்டுமா?

முன்கண்ணாடி ஒரே தகடு அல்ல. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் ஏறத்தாழ 0.76 மில்லிமீட்டர் தடிமனில் பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம் இருக்கும். அதனால்தான் அது உடைந்தாலும் கொட்டாமல் நிற்கிறது. கல் பட்டு வெளித் தகடு மட்டும் அடிபட்டிருந்தால் ரெசின் செலுத்திச் சரிசெய்ய வாய்ப்புண்டு. 50 சென் காசை வைத்துப் பாருங்கள். காசுக்குள் மறையும் புள்ளி என்றால் பெரும்பாலும் காப்பாற்றலாம்.

காப்பாற்ற முடியாதவை: கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டுவிட்ட விரிசல், உள் தகடும் உடைந்த அடி, ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் விழுந்த புள்ளி. கடைசி வகையில் ரெசின் நன்றாகவே பிடிக்கும். ஆனால் இரவில் எதிரே வரும் விளக்கு அந்த இடத்தில் சிதறித் தெரியும், அதனால் அங்கே ஒட்டுவேலை வேண்டாம். தானாகப் பிரேக் போட உதவும் கேமரா உள்ள காரில், அது கண்ணாடி வழியே பார்க்கும் பகுதிக்கும் இதே விதிதான்.

காப்புறுதியை முதலில் பாருங்கள்

கண்ணாடிக் கடைக்கு ஃபோன் போடும் முன் பாலிசியை எடுத்துப் பாருங்கள். முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும் கண்ணாடிக்கான தனிப் பாதுகாப்பு கூடுதலாகச் சேர்த்தால்தான் உண்டு. இந்தக் கூடுதல் பிரிவைக் குறிக்கும் எண்டோர்ஸ்மெண்ட் 89 என்ற எண் பாலிசியில் இருக்கிறதா, அதற்கு எதிரே எவ்வளவு தொகை போட்டிருக்கிறது என்று தேடுங்கள். இதற்கான பிரீமியம் வழக்கமாகக் காப்பீட்டுத் தொகையில் 15 விழுக்காடு. 1,200 ரிங்கிட்டுக்கு எடுத்தால் 180 ரிங்கிட், அதன்மேல் 8 விழுக்காடு சேவை வரி.

இதன் பெரிய நன்மை, இந்தப் பிரிவில் கோரிக்கை வைத்தால் உங்கள் என்சிடி, அதாவது கோரிக்கை வைக்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, குறையாது. ஐந்து ஆண்டு கோரிக்கை இல்லாமல் ஓட்டிச் சேர்த்த 55 விழுக்காடு அப்படியே நிற்கும். இந்தப் பிரிவை எடுக்காமல் விட்டுவிட்டு, சொந்தச் சேதம் என்று முதன்மைப் பாலிசியில் கோரினால் அந்த 55-உம் பூஜ்யத்துக்குப் போய்விடும். அப்படிச் செய்வதைவிடக் கைக்காசு போட்டு மாற்றுவது பெரும்பாலான கார்களுக்கு லாபம்.

பலர் தவறுவது தொகையில். வெறும் கண்ணாடி விலையை மட்டும் கணக்கிட்டு 600, 800 என்று போட்டுவிடுகிறார்கள். கண்ணாடி, கூலி, ரப்பர் மோல்டிங், டிண்ட் ஃபிலிம், கேமரா இருந்தால் அதன் பார்வையைச் சரியாக அமைக்கும் கேலிபிரேஷன், இவ்வளவையும் கூட்டி வருவதுதான் உண்மைத் தொகை. ஃபிலிமும் கேலிபிரேஷனும் இந்தப் பாதுகாப்பில் சேருமா என்று ஏஜென்டிடம் எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப் பதில் போதும். இன்னொன்றும் கேளுங்கள்: ஒருமுறை கோரியதும் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடுமா, தானாகத் திரும்புமா? பல பாலிசிகளில் மறுபடி பிரீமியம் கட்டினால்தான் திரும்பும்.

கோரிக்கைக்குப் படம்தான் உயிர். பதிவு எண் தெரியும்படி முழுக் கார், உடைந்த இடம் அருகிலிருந்து, பழைய கண்ணாடியைக் கழற்றிய நிலை, புதியதைப் பொருத்திய நிலை, இந்த நான்கையும் எடுத்து வையுங்கள். காப்புறுதி நிறுவனம் ஒப்புதல் தரும் முன் கண்ணாடியைக் கழற்ற விடாதீர்கள். போலீஸ் ரிப்போர்ட் வேண்டுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதையும் அதே ஃபோனில் கேட்டுவிடலாம். அவர்கள் ஒப்பந்தம் வைத்துள்ள பேனல் கடைக்குப் போனால் பணம் நேராகக் கடைக்குப் போகும். வெளிக்கடை என்றால் நீங்கள் கட்டிவிட்டு ரசீதோடு திரும்பக் கேட்க வேண்டும்.

சரியான கண்ணாடியைக் கேட்டு வாங்குவது

"மைவி கண்ணாடி ஒன்று" என்று கேட்டால் போதாது. ஒரே ஆண்டு, ஒரே மாடலில்கூட கேமரா உள்ளது, இல்லாதது என்று கண்ணாடி வேறுபடும். பெரோடுவாவின் ஏஎஸ்ஏ என்ற ஓட்டுநர் உதவி வசதி வைத்த கார்களில் பின்பார்வைக் கண்ணாடிக்கு முன்னால் இரட்டைக் கேமரா இருக்கும். அதைத் தாங்கும் பிடி கண்ணாடியிலேயே ஒட்டப்பட்டிருக்கும். மழை உணரி, சத்தம் குறைக்கும் படலம், வெயில் தடுக்கும் பூச்சு, கண்ணாடியில் வேகத்தைக் காட்டும் ஹெட்அப் டிஸ்பிளே, ஒவ்வொன்றுக்கும் தனிக் கண்ணாடி. ஹெட்அப் டிஸ்பிளே காரில் நடுப்படலம் மேலிருந்து கீழாகத் தடிமன் மாறும் ஆப்பு வடிவில் இருக்கும். சாதாரணக் கண்ணாடியைப் போட்டால் எண்கள் இரட்டையாகத் தெரியும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை. கடைக்குச் சேசிஸ் எண்ணோடு பழைய கண்ணாடியின் மூலையில் உள்ள முத்திரையையும் படமெடுத்து அனுப்புங்கள்.

அந்த முத்திரையைப் புதிய கண்ணாடியிலும் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். 'லேமினேட்டட்' என்ற சொல்லோ ஏஎஸ்1 என்ற குறியோ இருக்க வேண்டும். வட்டத்துக்குள் இ என்ற எழுத்தும் ஒரு எண்ணும், பக்கத்தில் 43ஆர் என்று தொடங்கும் எண்ணும் இருந்தால் அது ஐ.நா. விதிமுறை 43-இன்படி சோதித்த கண்ணாடி. வட்டத்தில் உள்ள எண் ஒப்புதல் தந்த நாட்டைக் குறிக்கும், மலேசியாவுக்கு 52. காரைத் தயாரித்தவரின் சின்னம் இல்லாத கண்ணாடி எல்லாம் மட்டம் என்று பொருளல்ல. ஏஜிசி, பில்கிங்டன், ஃபூயாவ், சின்யி போன்றவை கார் நிறுவனங்களுக்கே கண்ணாடி கொடுப்பவை. முத்திரையே இல்லாததை மட்டும் தொடாதீர்கள்.

பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் கழற்றிய பழைய கண்ணாடி மலிவாகக் கிடைக்கும். கதவுக் கண்ணாடிக்கு அது சரி. முன்கண்ணாடிக்கு வேண்டாம்: கழற்றும்போது ஓரத்தில் ஏற்பட்ட கண்ணுக்குத் தெரியாத கீறல் சில வாரங்களில் விரிசலாகிவிடும்.

கம்தான் எல்லாவற்றையும் தாங்குகிறது

மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்து ஒட்டும் வேலை கெட்டால் அத்தனையும் வீண். பலர் கண்ணாடியின் பிராண்டுக்கு அரைமணி நேரம் பேரம் பேசிவிட்டு, அதைக் காரில் ஒட்டும் பசையான கம்மைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. கார் கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்குவதில் முன்கண்ணாடிக்குப் பங்கு உண்டு. பல கார்களில் பயணியின் பக்கத்து ஏர்பேக் மேல்நோக்கி விரிந்து கண்ணாடியில் மோதித்தான் பயணியை நோக்கித் திரும்பும். கண்ணாடி பிய்ந்துகொண்டு போனால் ஏர்பேக்கும் அதோடு வெளியே போகும்.

கார் கண்ணாடிக்கான கம் பாலியூரித்தேன். காற்றின் ஈரத்தை இழுத்துக் கெட்டியாகும். சிலிக்கோன் அந்த இடத்துக்கு உதவாது. போதாக்குறைக்கு, அது பட்ட இடத்தில் அடுத்த முறை நல்ல கம்மும் பிடிக்காது. எந்தக் கடையாக இருந்தாலும் இந்த மூன்றையும் கேளுங்கள்: கம் என்ன பிராண்ட்? டியூபில் காலாவதித் தேதி என்ன? ஒட்டி எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம்? மூன்றாவது கேள்விக்கு "உடனே எடுக்கலாம்" என்று பதில் வந்தால் வேறு கடை பாருங்கள். தயாரிப்பைப் பொறுத்து அது ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம், பல மணி நேரமாகவும் இருக்கலாம், ஆனால் பூஜ்யமாக இருக்காது. சரியான பதில் அந்த டியூபின் தயாரிப்பாளர் தாளில் அச்சாகியிருக்கும்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். டேஷ்போர்டையும் பானெட்டையும் துணி போட்டு மூடிய பிறகே வைப்பர் கையையும் கீழே உள்ள பிளாஸ்டிக் கவரையும் கழற்ற வேண்டும். கவரின் கிளிப்புகள் வெயிலில் காய்ந்து உடையும், புதியது வாங்கி வைத்திருக்கிறார்களா என்று முன்பே கேளுங்கள். கதவுப் பக்கம் திரைபோல விரியும் ஏர்பேக் உள்ள காரில் பக்கத் தூண் மூடியை முரட்டுத்தனமாக இழுக்கக் கூடாது.

பழைய கம்மைக் கம்பியாலோ கத்தியாலோ அறுத்துக் கண்ணாடியை எடுத்ததும் காரின் சட்டத்தைக் குனிந்து பாருங்கள். அங்கே பழைய கம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனில் சீராக விடப்பட்டிருக்க வேண்டும். முழுதும் சுரண்டிவிடுவது சுத்தமான வேலைபோலத் தெரியும். உண்மையில் அப்படிச் சுரண்டும்போது பெயிண்ட் போகும், பெயிண்ட் போன இடத்தில் துரு வரும், துருவின் மேல் எந்தக் கம்மும் நிற்காது. கத்தி பட்ட ஒவ்வொரு கீறலுக்கும் பிரைமர் என்ற அடிப்பூச்சு தடவிக் காய விட வேண்டும். ஏற்கெனவே துரு இருந்தால் அன்று ஒட்ட விடாதீர்கள்; முதலில் பெயிண்ட் கடை.

புதிய கண்ணாடியின் கறுப்பு ஓரத்தைத் துடைத்து ஆக்டிவேட்டர், பிரைமர் போட்ட பிறகு வெறுங்கை அதில் படக்கூடாது. விரலின் எண்ணெய் போதும், அந்த இடம் ஒட்டாமல் போக. கம் முக்கோண வடிவில், ஏறத்தாழ 10 முதல் 12 மில்லிமீட்டர் உயரத்தில், எங்கும் அறுபடாமல் ஒரே கோடாக ஓட வேண்டும். டியூபின் மூக்கில் வி வடிவ வெட்டு இருந்தால்தான் அந்த உருவம் வரும். நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் கம்மின் மேல் தோல் வேகமாகப் படியும், எனவே கோடு போட்டதும் தாமதிக்காமல் கண்ணாடியை வைக்க வேண்டும். பாதிக் கோட்டில் கம் தீர்ந்து இன்னொரு டியூப் தேடுவது ஒழுகலுக்குப் பிள்ளையார் சுழி.

காலை நேரமே எடுங்கள். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை இடிமழை கிட்டத்தட்டக் கடிகாரம் பார்த்து வருகிறது. அடுக்குமாடியின் திறந்த கார் நிறுத்துமிடத்தில் மாலை நான்கு மணிக்கு வந்து மாற்றித் தருவதாகச் சொல்லும் மொபைல் சேவையை ஏற்காதீர்கள். காற்றின் ஈரம் கம்முக்கு நல்லது, ஒட்டும் பரப்பில் விழும் மழைத்துளி கெடுதி. கூரை உள்ள இடம் என்றால் மொபைல் சேவையில் தவறில்லை.

கேமரா உள்ள கார்

கண்ணாடி மாற்றிய பின் கேமரா ஒரு டிகிரி திரும்பியிருந்தாலும் 100 மீட்டர் தூரத்தில் 1.7 மீட்டருக்கு மேல் விலகும். ஏறக்குறைய அரைத் தடம். பக்கத்துத் தடத்தில் போகும் காருக்கு உங்கள் கார் பிரேக் போடும், அல்லது முன்னே நிற்கும் காருக்குப் போடாது. மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதால் கேமரா சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. கேலிபிரேஷன் சில மாடல்களுக்குச் சமதளத்தில் குறிப்பலகை வைத்தும், சிலவற்றுக்குக் கருவியை இணைத்துச் சாலையில் ஓட்டியும் செய்யப்படும். கண்ணாடிக் கடையிடம் இந்த வசதி இல்லையென்றால், மாற்றும் முன்பே சர்வீஸ் சென்டரில் நாள் வாங்கிவிடுங்கள். அதுவரை கேமராவை வைத்து வேலை செய்யும் உதவிகளை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். மழை உணரிக்கு அடியில் உள்ள ஜெல் திண்டில் காற்றுக் குமிழ் இருந்தால் வெயிலிலும் வைப்பர் ஆடும், அதையும் அங்கேயே பார்க்கலாம்.

ஒட்டிய பிறகு

முதல் 24 மணி நேரம் ஒரு கதவுக் கண்ணாடியை விரலளவு இறக்கி வையுங்கள். எல்லாம் மூடிய காரில் கதவை அறைந்தால் உள்ளே அடைபடும் காற்று ஈரக் கம்மை வெளியே தள்ளும். கூரை ஓரத்தில் ஒட்டிய டேப்பை அசிங்கமாக இருக்கிறதென்று பிய்க்காதீர்கள், மறுநாள் எடுக்கலாம். சாதாரண மழை ஒன்றும் செய்யாது. கார் வாஷில் பீய்ச்சும் தண்ணீரை மட்டும் இரண்டு நாளுக்குத் தள்ளிப்போடுங்கள்.

டிண்ட்டையும் அடுத்த நாளுக்கு வையுங்கள். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் விதிப்படி முன்கண்ணாடியில் 70 விழுக்காடு வெளிச்சம் உள்ளே வர வேண்டும், முன்கதவுக் கண்ணாடிகளில் 50. பின்பக்கத்துக்கு 2019 மே மாதத்திலிருந்து கட்டுப்பாடு இல்லை. கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்துதான் அந்த 70, ஃபிலிமின் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். உலோகம் கலந்த ஃபிலிம் டோல் கட்ட உதவும் ஸ்மார்ட்டேக்கையும் ஆர்எஃப்ஐடியையும் தடுக்கும். டச் அண்ட் கோ ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கர் பழைய கண்ணாடியில் இருந்தால் அது அதோடு போயிற்று, உரித்து ஒட்டினால் வேலை செய்யாது. புதிய டேக் வாங்கிக் கணக்கில் இணைத்த பிறகே டோலில் ஆர்எஃப்ஐடி தடத்துக்குப் போங்கள். சாலை வரி ஸ்டிக்கருக்கு அந்தக் கவலை இல்லை, மலேசியர்களின் சொந்தக் கார்களுக்கு 2023 பிப்ரவரி 10 முதல் அதை ஒட்டத் தேவையில்லை.

கம் நன்றாகக் காய்ந்த பிறகு ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் மேல் ஓரத்திலிருந்து குழாயில் மெதுவாகத் தண்ணீர் விடட்டும். கால்மிதியைத் தூக்கி அடியில் உள்ள கம்பளத்தைத் தொட்டுப் பாருங்கள், ஒழுகல் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும். நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் புதிதாக விசில் சத்தம் கேட்டால் மோல்டிங் சரியாக உட்காரவில்லை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து தலையை இப்படியும் அப்படியும் அசைத்து, எதிரே உள்ள கம்பி வேலியைப் பாருங்கள். நேர்க்கோடு நெளிந்தால் அது கண்ணாடியின் குறை, மாற்றித் தரச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ரசீதில் கண்ணாடியின் பிராண்ட், கம்மின் பெயர், ஒழுகலுக்கான உத்தரவாதக் காலம் மூன்றும் எழுதப்பட்டிருந்தால் அந்தப் பேச்சு சுலபமாக முடியும்.