டிரெஸ்டனில் இருவராக இரண்டு இரவு: கிழமை பார்த்துத் திட்டமிடுங்கள்

ஜெர்மனியில் இருவராக ஒரு குட்டிப் பயணம் என்றதும் பெர்லின், மியூனிக் என்றுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இரண்டு இரவுதான் கையில் இருக்கிறது என்றால் டிரெஸ்டன் இன்னும் பொருத்தமான ஊர். பழைய நகரத்தை நடந்தே பார்த்து முடிக்கலாம். எல்பே ஆறு ஊரின் நடுவில் ஓடுகிறது. உள்ளூர் ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் மணற்பாறை மலைகளுக்குப் போய்விடலாம். இங்கே திட்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் தூரத்தால் அல்ல, கிழமையால். அதனால் விடுதி தேடுவதற்கு முன்பே கிழமையை முடிவு செய்துவிடுங்கள்.

ஓவியக்கூடம் இருக்கும் ட்ஸ்விங்கர் மாளிகைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. நகைக் கருவூலம் இருக்கும் அரண்மனைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனி முழுக்கக் கடைகள் மூடியிருக்கும்; அன்று தண்ணீர், பழம், ரொட்டி வாங்க ரயில் நிலையக் கடைகளை விட்டால் வேறு வழி குறைவு. ஞாயிறு வந்து செவ்வாய் கிளம்புகிறவர்களுக்கு மூன்று நாளும் ஏதாவது ஒரு கதவு பூட்டியிருக்கும். வியாழன் மதியம் வந்து சனி மாலை கிளம்புவதுதான் எங்கள் பரிந்துரை. மலைக்குப் போகும் நாள் வெள்ளியாக அமைந்துவிடுவதால் வார இறுதிக் கூட்டத்திலிருந்தும் தப்பிக்கலாம்.

மாதங்களில் மே, செப்டம்பர் இரண்டும் நல்லவை. ஜூனில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். டிசம்பரில் வருகிறவர்கள் 1434 முதல் நடந்துவரும் ஸ்ட்ரீட்சல்மார்க்ட் கிறிஸ்துமஸ் சந்தைக்காக வருகிறார்கள். அந்த வாரங்களில் அறை வாடகை ஏறிவிடும், முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். பிப்ரவரி 13-ஐ மட்டும் தவிர்த்துவிடுங்கள். 1945-இல் நகரம் குண்டுவீச்சில் எரிந்த நாள் அது. அன்று நினைவு நிகழ்ச்சிகளும் ஊர்வலங்களும் நடக்கும், போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். ஊரே துக்கம் அனுசரிக்கும் நாளில் உல்லாசப் பயணம் பொருந்தாது.

வருவது, தங்குவது

பெர்லினிலிருந்து விரைவு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம், பிராகிலிருந்து இரண்டரை மணி நேரம். 'ஷ்பார்பிரைஸ்' எனப்படும் மலிவு டிக்கெட் குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். அதைத் தவறவிட்டால் அடுத்ததில் ஏற முடியாது. டாய்ச்லாண்ட் டிக்கெட் எனப்படும் மாதாந்திரப் பயணச்சீட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: ஐசிஇ, ஐசி, ஈசி எனப்படும் நெடுந்தூர ரயில்களில் அது செல்லாது. உள்ளூர், வட்டார ரயில்களிலும் டிராமிலும் செல்லும்.

ஊரில் இரண்டு பெரிய நிலையங்கள்: ஆற்றின் தெற்கே ஹவ்ப்ட்பான்ஹோஃப், வடக்கே டிரெஸ்டன்-நொய்ஸ்டாட். விடுதி எந்தக் கரையில் என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்கேற்ற நிலையத்தில் இறங்குங்கள். அமைதியாகத் தூங்க வேண்டுமென்றால் ஆல்பர்ட்பிளாட்ஸுக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட உள் நொய்ஸ்டாட்டில் அறை எடுங்கள். அங்கிருந்து பாலம் தாண்டினால் பழைய நகரம். மதுக்கூடங்கள் நிறைந்த வெளி நொய்ஸ்டாட் சில நிமிட நடையில். வெளி நொய்ஸ்டாட்டிலேயே அறை எடுத்தால் வெள்ளி, சனி இரவுகளில் தெருச்சத்தம் விடியும்வரை ஓயாது.

பழைய வரைபடத்தையும் பழைய பயணக் குறிப்புகளையும் நம்ப வேண்டாம். 2024 செப்டம்பரில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் இடிந்து விழுந்தது. அதன்மேல் ஓடிய டிராம்கள் இப்போது வேறு பாலங்கள் வழியாகப் போகின்றன. உங்கள் நடைக்கு அவுகுஸ்டுஸ் பாலம் போதும்.

டிக்கெட்டில் ஒரு நல்ல வசதி உண்டு. உள்ளூர்ப் போக்குவரத்தின் 'ஃபமிலியன்டாகஸ்கார்ட்டே' என்ற குடும்ப நாள் டிக்கெட் பெரியவர்கள் இருவருக்குச் செல்லும், கூடவே குழந்தைகளையும் அழைத்துப் போகலாம். குழந்தை இல்லாத தம்பதியும் அதை வாங்கலாம். இரண்டு தனி நாள் டிக்கெட்டுகளைவிட மலிவு, மறுநாள் அதிகாலை நான்கு மணி வரை செல்லும். ஊருக்குள் சுற்ற டிரெஸ்டன் மண்டலம் மட்டும் போதும். மலைக்குப் போகும் நாளில் 'வெர்பண்ட்ரவ்ம்', அதாவது முழு வட்டாரத்துக்கான டிக்கெட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மண்டல டிக்கெட்டோடு மலை ரயிலில் ஏறிப் பரிசோதகரிடம் மாட்டுவது அடிக்கடி நடக்கிறது. அபராதம் ஆளுக்கு 60 யூரோ. டிக்கெட்டில் தேதியும் நேரமும் அச்சாகவில்லை என்றால் பயணம் தொடங்கும்போதே முத்திரை இயந்திரத்தில் குத்திவிடுங்கள்.

வியாழன்: பழைய நகரம்

மதியம் பையை அறையில் போட்டுவிட்டு ஃபிரவ்வன்கிர்ஷே தேவாலயத்திலிருந்து தொடங்குங்கள். 1945-இல் இடிந்து, கற்குவியலாகவே பல பத்தாண்டுகள் கிடந்து, 2005-இல் மீண்டும் எழுந்த கட்டடம் இது. சுவரை நெருங்கிப் பாருங்கள். வெளிர்மஞ்சள் கற்களுக்கு நடுவே அங்கங்கே கறுத்த கற்கள் பதிந்திருக்கும். அவை இடிபாட்டிலிருந்து எடுத்த பழைய கற்கள். உள்ளே போகக் கட்டணம் இல்லை. கோபுரத்தில் ஏறத் தனி டிக்கெட்.

அடுத்து அரண்மனையின் வெளிச்சுவரில் இருக்கும் ஃபூர்ஸ்டன்ட்சூக். அருகிலுள்ள மைசன் ஊரின் பீங்கான் ஓடுகளால் ஆன, 102 மீட்டர் நீள ராஜ ஊர்வல ஓவியம். பிறகு ஆற்றங்கரையின் புரூல் மேடை வழியாக நடந்து பாலத்தைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போய்விடுங்கள். சூரியன் மறையும் நேரத்தில் டிரெஸ்டன் அழகாகத் தெரிவது பழைய நகரத்துக்குள்ளிருந்து அல்ல, இந்த நொய்ஸ்டாட் கரையிலிருந்துதான். கடையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் வாங்கிக்கொண்டு புல்வெளியில் உட்கார்ந்தால் சதுக்கத்து உணவகங்களில் கொடுக்கும் காசும் மிச்சம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் உருளைக்கிழங்கு சூப்பைக்கூட விசாரிக்காமல் வாங்க வேண்டாம். அதில் தொத்திறைச்சியோ பன்றி இறைச்சித் துண்டோ சேர்ப்பது வழக்கம். 'ஓனே ஃப்ளைஷ்' என்று கேளுங்கள், 'இறைச்சி இல்லாமல்' என்று புரிந்துகொள்வார்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் இந்த ஊரின் ஐயர்ஷெக்கே கேக்கைத் தவறவிடாதீர்கள்.

வெள்ளி: பாஸ்டை பாறைகள்

பயணத்தின் சிறந்த நாள் இது. சீக்கிரம் எழுந்தவர்களுக்கே முழுதாகக் கிடைக்கும். பத்தரை, பதினொரு மணி வாக்கில் சுற்றுலாப் பேருந்துகள் மேலே வந்து சேரும். அதற்குப் பிறகு உச்சியில் இருக்கும் பாஸ்டை பாலத்தில் நிற்க இடம் இராது. எட்டு மணிக்குள் ஹவ்ப்ட்பான்ஹோஃபில் எஸ்1 என்ற உள்ளூர் ரயிலில் ஏறி இடதுபக்கம் உட்காருங்கள். பிர்னா தாண்டியதும் ஆறும் பாறைகளும் அந்தப் பக்கம்தான் வரும். இறங்க வேண்டிய நிலையம் கூரோர்ட் ராட்டன்.

நிலையம் ஒரு கரையில், மலை மறுகரையில். நடுவில் ஒரு படகு. ஆற்றின் மேல்பக்கம் நங்கூரமிட்ட நீண்ட கம்பி வடத்தில் கட்டப்பட்டிருக்கும் அந்தப் படகை நீரோட்டமே மறுகரைக்குத் தள்ளுகிறது. இஞ்சின் சத்தமே கேட்காது. கட்டணத்துக்குச் சில்லறைக் காசு வைத்திருங்கள்.

அங்கிருந்து படிகளும் காட்டுப்பாதையுமாக முக்கால் மணி நேர ஏற்றம். உச்சியில் 1851-இல் கல்லால் கட்டிய பாஸ்டை பாலம், 76.5 மீட்டர் நீளம். கீழே ஆறு ஏறக்குறைய 190 மீட்டர் பள்ளத்தில் வளைந்து போகும். பாலத்துக்குக் கட்டணம் இல்லை. இருவரும் சேர்ந்து படம் எடுக்கப் பாலத்தின் மேல் நிற்பதைவிட, பாலம் முழுதாகத் தெரியும் பக்கவாட்டுப் பார்வை மேடைக்குப் போவது நல்லது. தேசியப் பூங்கா என்பதால் ட்ரோன் பறக்கவிடக் கூடாது, காட்டில் புகைபிடிக்கவும் கூடாது. 2022-இல் இந்தப் பூங்காவில் பெரிய காட்டுத்தீ பரவியது, அதனால் கண்டிப்பு அதிகம்.

இறங்கும்போது வந்த வழியே திரும்பாமல் ஷ்வேடன்லோஹர் பள்ளத்தாக்கு வழியாகப் போங்கள். பாறைகளுக்கு இடையே எழுநூறுக்கும் மேற்பட்ட படிகள். வெயில் படாததால் மழை நின்று நாளான பின்பும் ஈரமாகவே இருக்கும். வழுவழுப்பான அடிப்பாகம் உள்ள செருப்பு இங்கே ஆபத்து. முழங்கால் வலி உள்ளவர் துணையாக இருந்தால் இந்த வழியை விட்டுவிட்டு, பிர்னாவிலிருந்து பாஸ்டைக்குப் போகும் பேருந்தில் போய்வருவதே சரி. பள்ளத்தாக்கின் அடியில் அம்சல்சே என்ற சிறு ஏரி இருக்கிறது. பருவகாலத்தில் துடுப்புப் படகு வாடகைக்குக் கிடைக்கும். படகுச் சவாரியை விட்டால், சுற்று முழுவதற்கும் ஓய்வோடு நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அடுத்த நிலையமான கோனிக்ஸ்டைனில் பெரிய கோட்டை ஒன்று இருப்பதால் அதையும் அதே நாளில் சேர்க்க ஆசை வரும். சேர்க்க வேண்டாம். அதுவும் மலையேற்றம்தான், கோட்டை மதிலைச் சுற்றி நடக்கவே நேரம் பிடிக்கும். இரண்டையும் அடுக்கினால் மாலையில் இருவருக்கும் பேசக்கூடத் தெம்பு இருக்காது. திரும்புவதற்குத் துடுப்புச் சக்கர நீராவிக் கப்பலை யோசிக்கலாம். ஆற்றோட்டத்தோடு வருவதால் மேலே போவதைவிட வேகமாக வந்துவிடும். கோடையில் நீர்மட்டம் இறங்கினால் சேவையைக் குறைத்துவிடுவார்கள், எனவே அன்று காலையே நிறுவனத்தின் தளத்தைப் பாருங்கள்.

மழை கொட்டினால் மலையை விட்டுவிட்டு, அதே எஸ்1 ரயிலில் எதிர்த்திசையில் மைசனுக்குப் போங்கள். பழைய நகரத்துக்கு மைசன் ஆல்ட்ஸ்டாட் நிலையம், பீங்கான் ஆலைக்கு மைசன் ட்ரீபிஷ்டால் நிலையம்.

சனி: ஒரு ஓவியம், ஒரு கருவூலம், ஒரு குன்று

ட்ஸ்விங்கரில் எல்லோரும் ராஃபேலின் மடோனாவிடம் ஓடுவார்கள். இருவராக வந்தவர்கள் டச்சு ஓவியர் வெர்மீரின் ஓவியத்துக்கும் பத்து நிமிடம் கொடுக்கலாம்: திறந்த ஜன்னலருகே கடிதம் படிக்கும் பெண். நெடுங்காலம் அவளுக்குப் பின்னால் வெறும் சுவர்தான் இருந்தது. பிற்காலத்தில் யாரோ பூசிய மேல்வண்ணத்தை நீக்கியபோது அந்தச் சுவரில் மன்மதன் ஓவியம் வெளிப்பட்டது. 2021 முதல் அப்படியே காட்சிக்கு இருக்கிறது. அவள் படிப்பது காதல் கடிதம் என்பதை இப்போது ஓவியமே சொல்கிறது.

அரண்மனைக்குள் 'பச்சைக் கருவூலம்' எனப்படும் நகைக் கருவூலங்கள் இரண்டு இருக்கின்றன. 'பழைய' கருவூலத்துக்கு நேரம் குறித்த தனி டிக்கெட் வேண்டும், முன்கூட்டியே இணையத்தில் எடுங்கள். 'புதிய' கருவூலம் சாதாரண அரண்மனை டிக்கெட்டிலேயே அடங்கும். நேரம் ஒன்றுக்குத்தான் என்றால் புதியதையே தேர்ந்தெடுங்கள். ஔரங்கசீப்பின் பிறந்தநாள் தர்பாரைப் பொன்னிலும் வைரத்திலும் 1701 முதல் 1708 வரை டிங்லிங்கர் வடித்த அற்புதம் அங்கேதான் இருக்கிறது. இந்தியாவைப் பார்த்திராத பொற்கொல்லர் கற்பனையில் கண்ட டெல்லி! யானைகளையும் பல்லக்குகளையும் தேடிப் பாருங்கள்.

மதியம் 6 அல்லது 12-ஆம் எண் டிராமில் ஷில்லர்பிளாட்ஸுக்குப் போய், 1893-இல் கட்டிய நீல இரும்புப் பாலத்தை நடந்து தாண்டுங்கள். எதிர்க்கரையில் இரண்டு மலை ரயில்கள். ஒன்று 1895 முதல் தண்டவாளத்தில் ஏறுகிறது, மற்றொன்று 1901 முதல் மேலே தொங்கிக்கொண்டே போகிறது. தொங்கும் ரயிலின் மேல்நிலையத்தில் நகரமும் ஆறும் ஒரே பார்வையில் தெரியும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பராமரிப்புக்காக இவற்றைச் சில நாட்கள் நிறுத்துவார்கள், புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறையைக் காலையிலேயே காலி செய்ய வேண்டியிருக்கும். பையை விடுதி வரவேற்பில் விடுவதைவிட, கிளம்பப்போகும் நிலையத்தின் லாக்கரில் வைத்துவிட்டால் மாலையில் திரும்பி அலைய வேண்டாம். பிராகுக்குப் போகிறவர்கள் இருக்கை முன்பதிவில் இடதுபக்க ஜன்னலைக் கேளுங்கள். வெள்ளியன்று பார்த்த அதே பாறைகள் அந்தப் பக்கம்தான் வரும்.