நாலு சிடி, நாலு பிளேயர்: ‘ஸைரீக்கா’ கேட்கும் முறை

அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த ஃப்ளேமிங் லிப்ஸ் ராக் இசைக்குழு 1997-ல் வெளியிட்ட ‘ஸைரீக்கா’ ஆல்பத்தில் நான்கு சிடிகள் உண்டு. நான்கிலும் அதே எட்டுப் பாட்டுகள். ஆனால் குரலும் டிரம்ஸும் இரைச்சலும் நான்கு சிடிகளிலும் சிதறிக் கிடக்கும். நான்கையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால்தான் பாட்டு முழுசாகும்.

பிளேயர்கள் ஒரே ரகமாக இருக்க வேண்டியதில்லை. பூம்பாக்ஸும் பழைய டிவிடி பிளேயரும் போதும். புளூடூத் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம், 0.1 முதல் 0.3 விநாடி வரை பிந்தும், அதுவும் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் மாறும். அறையின் மூலைக்கு ஒன்றாக வைத்து, நாற்காலிகளை நடுவில் போடுங்கள்.

முதலில் வால்யூம். நன்றாகப் பழகிய வேறொரு சிடியின் ஒரே பகுதியை நான்கு பிளேயரிலும் மாற்றி மாற்றி ஓடவிட்டு, நாற்காலியில் இருந்தபடி மொபைல் டெசிபல் மீட்டரில் 75 வருமாறு சமப்படுத்துங்கள். பேஸ் பூஸ்டை அணைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு கை வைக்கக் கூடாது. ஏதோ ஒரு சிடி கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தால் யாராவது எழுந்துபோய் வால்யூமைக் கூட்டுவார்கள். அடுத்த நொடி காது கிழியும்.

பிளேயருக்கு ஒரு ஆள். சிடி சுழன்று வேகம் பிடிக்க ஒவ்வொரு பிளேயரும் ஒவ்வொரு நேரம் எடுக்கும் என்பதால், நின்ற நிலையிலிருந்து ‘பிளே’ அழுத்தினால் சேராது. பாட்டின் தொடக்கத்தில் ‘பாஸ்’ போட்டு நிறுத்துங்கள். ஒருவர் “மூணு, ரெண்டு, ஒண்ணு” என்று எண்ண, எல்லோரும் சேர்ந்து விடுவியுங்கள். சில பிளேயர்கள் பாஸில் விட்டால் சில நிமிடத்தில் தானே நின்றுவிடும், அரட்டை அடிக்காதீர்கள். ஒவ்வொரு பாட்டின் முன்னும் பாட்டு எண்ணையும் சிடி எண்ணையும் சொல்லும் குரல் வரும். குரல்கள் ஒட்டி வந்தால் தொடருங்கள். அரை விநாடி விலகினால் மறுபடி ஆரம்பியுங்கள்.

ஓட ஓடக் கொஞ்சம் நழுவத்தான் செய்யும். இரண்டு பிளேயர்களின் கடிகாரம் பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபட்டால் பத்து நிமிடத்தில் 0.03 விநாடிதான், காது பொறுத்துக்கொள்ளும். ஆனாலும் ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் நிறுத்தி, புதிதாகச் சேர்த்துத் தொடங்குங்கள். இதே ஆல்பத்தின் வினைல் இசைத்தட்டுப் பதிப்பில் இது பெரும்பாடு: வேகம் 0.3 சதவீதம் பிசகினால் அதே பத்து நிமிடத்தில் 1.8 விநாடி போய்விடும்.

ஆறாவது பாட்டுக்கு வால்யூமைக் குறையுங்கள். அதில் வரும் மிக உயர்ந்த, மிகத் தாழ்ந்த ஒலி அதிர்வெண்கள் தலைசுற்ற வைக்கலாம் என்று ஆல்பமே எச்சரிக்கிறது. கைக்குழந்தையை வேறு அறையில் விடுங்கள். நாயையும்தான்.

ஆள் குறைந்தால் இரண்டோ மூன்றோ சிடி போதும். ஒன்று முதல் நான்கு வரை மொத்தம் 15 சேர்க்கைகள் கிடைக்கும். கணினியில் நான்கையும் ஒரே ஸ்டீரியோ கோப்பாக ஒட்டிக் கேட்பவர்களும் உண்டு. துல்லியமாகத்தான் சேரும், ஆனால் மூலைக்கு மூலை தாவும் சத்தம் அதில் இருக்காது.