பீரியட்ஸ் ஒழுங்காக வராதவர்கள் கர்ப்பமா இல்லையா என்று பார்ப்பது எப்படி?

"நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் ஆனதும் டெஸ்ட் பண்ணிப் பாரு" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மாதாமாதம் 28, 30 நாளில் வருகிறவர்களுக்கு அது சரி. ஒரு தடவை 34 நாள், அடுத்தது 52, அப்புறம் இரண்டு மாதம் ஒன்றுமே இல்லை என்று போகும் என்னைப் போன்ற பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) ஆட்களுக்கு எந்த நாள் தள்ளிப்போனது என்று யார் சொல்வது? இந்தக் குழப்பத்திலேயே நெடுநாள் இருந்த பிறகு எனக்குச் சரிப்பட்டு வந்த முறை இது.

படி 1: இரண்டு தேதிகளைக் குறித்து வையுங்கள்

ஒன்று, கடைசியாகத் தலைக்குத் தூரமான முதல் நாள். இரண்டு, பாதுகாப்பு இல்லாமல் கணவனும் மனைவியும் சேர்ந்த நாட்கள். நமக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

இதற்கு ஆப் வேண்டாம் என்பது என் கட்சி. பழைய மாதங்களின் சராசரியை வைத்து "இன்று கருமுட்டை வெளிவரும் நாள்" என்று அது பூப்படம் காட்டும். 34-க்கும் 52-க்கும் சராசரி எடுத்து என்ன பயன்? சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரில் பென்சிலால் ஒரு புள்ளி போதும். மாமியார் பார்த்தாலும் பால் கணக்கு என்று நினைத்துக்கொள்வார்.

படி 2: 21 நாள் கணக்கு

எனக்குப் பிடிபடாமல் இருந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுழற்சியில் இரண்டு பாதி உண்டு. பீரியட்ஸ் வந்ததிலிருந்து கருமுட்டை வெளிவரும் வரை முதல் பாதி. இழுத்துக்கொண்டே போவது இதுதான். முட்டை வெளிவந்த பிறகு அடுத்த பீரியட்ஸ் வரை பெரும்பாலும் இரண்டு வாரம். அது அவ்வளவாக மாறாது.

ஜனவரி 3 அன்று கடைசியாக வந்தது என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரி 5-ஆம் தேதி டெஸ்ட் செய்தால் நெகட்டிவ். "அப்போ இல்லை" என்று மனதை விட்டுவிடுகிறோம். ஆனால் உங்களுக்கு முட்டையே பிப்ரவரி 9-இல்தான் வெளிவருகிறது. பிப்ரவரி 8-இல் சேர்ந்திருந்தால் கரு தரிக்கலாம். அந்த நெகட்டிவ் பொய்யில்லை, டெஸ்ட் செய்த நாள்தான் சீக்கிரம்.

விந்தணு உள்ளே 5 நாள் வரை உயிரோடு இருக்கும். கரு கர்ப்பப்பையில் ஒட்டிக்கொள்ள 6 முதல் 12 நாள் ஆகும். ஒட்டிய பிறகுதான் கிட் கண்டுபிடிக்கும் ஹெச்சிஜி ஹார்மோனே சுரக்கத் தொடங்கும். அது சிறுநீரில் தெரியும் அளவுக்கு ஏற இன்னும் சில நாள். எல்லாம் சேர்த்தால் மூன்று வாரம். அதனால் பாதுகாப்பில்லாமல் சேர்ந்த கடைசி நாளிலிருந்து 21 நாள் எண்ணுங்கள். பிப்ரவரி 8 என்றால் மார்ச் 1. பீரியட்ஸ் வரவேண்டிய தேதியை மறந்தே விடலாம்.

குழந்தைக்காக முயற்சி செய்கிறவர்களுக்குக் "கடைசி நாள்" என்று ஒன்று அகப்படாது. அவர்கள் பீரியட்ஸ் வரும் வரை மாதம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு செய்து பார்க்கலாம்.

படி 3: டெஸ்ட்

பிரெகா நியூஸ், ஐ-கேன் எந்த கிட் ஆனாலும் சரி. விலை கூடிய டிஜிட்டல் கிட் தேவையே இல்லை. காலாவதி தேதியை மட்டும் பாருங்கள். காலையில் முதல் சிறுநீர், அட்டையில் போட்டிருக்கும் அளவு சொட்டு, 5 நிமிடம். போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.

சி கோடு மட்டும் வந்தால் இல்லை. டி கோடும் வந்தால், எவ்வளவு மங்கலாக இருந்தாலும் நிறம் இருந்தால், ஆம். சி கோடே வராவிட்டால் கிட் வேஸ்ட். அரைமணி நேரம் கழித்துக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துப் பார்த்து, சாம்பல் நிறக் கோடு தெரிகிறதே என்று அழ வேண்டாம். அது சிறுநீர் காய்ந்த தடம்.

சந்தேகமாக இருந்தால் 48 மணி நேரம் கழித்து மறுபடி. இல்லையென்றால் லேபில் பீட்டா ஹெச்சிஜி ரத்தப் பரிசோதனை: 5-க்குக் கீழே இல்லை, 25-க்கு மேலே ஆம், நடுவில் இருந்தால் இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கொடுக்க வேண்டும். நெகட்டிவ் வந்து பீரியட்ஸும் வராவிட்டால் ஒரு வாரத்தில் இன்னொரு முறை.

படி 4: அறிகுறிகளை நம்பாதீர்கள்

மார்பு வலி, அசதி, குமட்டல், அடிக்கடி சிறுநீர். எல்லாம் கர்ப்பத்திலும் வரும், பீரியட்ஸ் வருமுன்னும் வரும். பிசிஓடிக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் குமட்டல் எப்போதும் உள்ளதுதான். லேசாக ஒரு நாள் பிரவுன் நிறத்தில் பட்டுவிட்டு நின்றால் அதைப் பீரியட்ஸ் கணக்கில் சேர்க்காதீர்கள். கரு ஒட்டும்போதும் அப்படிப் படலாம்.

படி 5: மாத்திரைக்கு முன்னால் டெஸ்ட்

பீரியட்ஸை வரவழைக்க டாக்டர் எழுதிக்கொடுத்த பழைய சீட்டை மெடிக்கலில் நீட்டுவது நம்மில் பலருக்குப் பழக்கம். 21 நாள் டெஸ்ட் செய்யாமல் அந்த மாத்திரையைத் தொடாதீர்கள். எள்ளுருண்டை, பப்பாளி என்று காத்திருந்தாலும் நாள்தான் வீணாகும்.

படி 6: பாசிட்டிவ் வந்தால்

டாக்டரிடம் முதல் வாக்கியமே "எனக்கு ரெகுலர் இல்லை" என்பதாக இருக்கட்டும். மேலே சொன்ன கணக்கில் மார்ச் 8 அன்று ஸ்கேன் செய்தால், ஜனவரி 3 தேதிப்படி 9 வாரம். உண்மையில் குழந்தைக்கு 6 வாரம் கூட ஆகியிருக்காது. துடிப்பு தெரியவில்லை என்றதும் நடுங்கிப்போகாதீர்கள். ஒன்றிரண்டு வாரத்தில் திரும்ப வரச் சொல்வார்கள். பிரசவத் தேதியையும் ஸ்கேன் வைத்தே போடச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் இருந்தால் 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கிவிடுங்கள், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகைக்கு அது வேண்டும்.

அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தலைசுற்றல், தோள்பட்டை வலி, ரத்தப்போக்கு இருந்தால் கணக்கெல்லாம் போடாமல் உடனே ஆஸ்பத்திரி. கரு கர்ப்பப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கியிருக்கலாம்.

பின்சேர்க்கை: கமெண்டில் வந்தவை

முட்டை வெடிக்க ஊசி போட்டவர்கள்: சில ஊசிகளில் இருப்பதே ஹெச்சிஜிதான். இரண்டு வாரம் வரை அதுவே பாசிட்டிவ் காட்டலாம். டாக்டர் சொன்ன நாளில் மட்டும் பாருங்கள்.

மூன்று மாதமாக வரவில்லை, டெஸ்டும் நெகட்டிவ் என்பவர்கள்: காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) இரண்டும் பார்க்கச் சொல்வார்கள்.

பால் கொடுப்பதால் பீரியட்ஸே திரும்பவில்லை என்பவர்கள்: பிரசவத்துக்குப் பிறகு முதல் பீரியட்ஸுக்கு முன்பே முட்டை வெளிவந்துவிடலாம். உங்களுக்கும் அதே 21 நாள்தான்.