கிரீன்லாந்துக் கட்டுரையின் மேற்கோள்களைச் சரிபார்ப்பது எப்படி?

விக்கிப்பீடியாவில் ஒரு வரியைப் படித்ததும் அப்படியே எடுத்து எழுதிவிடுகிறோம். அதன் ஆதாரத்தையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும். கிரீன்லாந்துக் கட்டுரையை வைத்துப் பழகுவோம். டென்மார்க் முடியாட்சிக்குள் இருக்கும் தன்னாட்சித் தீவு அது; யாருக்கு என்ன அதிகாரம் என்பதில் பழைய தகவலும் புதிய தகவலும் எளிதாகக் கலந்துவிடும்.

படி 1: வரியின் முடிவில் சதுர அடைப்புக்குள் சிறிய எண் இருக்கும். அதைத் தொட்டால் 'மேற்கோள்கள்' பகுதிக்குப் போய்விடலாம். எண்ணே இல்லையா, 'சான்று தேவை' என்று போட்டிருக்கிறதா? அந்த வரியை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

படி 2: ஆதாரம் வெளியான ஆண்டைப் பாருங்கள். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான படி. கிரீன்லாந்துக்கு 1979 மே 1 அன்று உள்ளாட்சி உரிமை கிடைத்தது. 2008இல் பொதுவாக்கெடுப்பு நடந்து, 2009 ஜூன் 21 முதல் விரிவான தன்னாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சட்டப்படி அரசுப் பணிகளில் கிரீன்லாந்து மொழி, டேனிஷ் இரண்டையும் பயன்படுத்தலாம். புதிய சட்டத்தின் 20ஆம் பிரிவோ கிரீன்லாந்து மொழியே ஆட்சிமொழி என்கிறது. 1990களில் வந்த புத்தகம் இரண்டு மொழி என்று சொன்னால் அது அன்றைக்குச் சரி. இன்றைய நிலைக்கு அதை ஆதாரமாகக் காட்ட முடியாது. இப்படிப்பட்ட இடங்களில் சட்டத்தையே படித்துவிடுங்கள், ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் கிடைக்கிறது.

படி 3: ஆதாரத்தைத் திறந்து, கட்டுரை சொல்வது அதில் உண்மையிலேயே இருக்கிறதா என்று தேடுங்கள். எண்களில் கூடுதல் கவனம் வேண்டும். தீவின் மொத்தப் பரப்பு சுமார் 21.66 லட்சம் சதுர கிலோமீட்டர். பனிப்படலம் மூடாத நிலம் சுமார் 4.1 லட்சம்தான். இரண்டும் சரியான எண்களே, ஆனால் மக்களடர்த்தியை எதை வைத்துக் கணக்கிட்டார்கள் என்பதைப் பொறுத்து விடை ஐந்து மடங்குவரை மாறும்.

படி 4: இணைப்பு திறக்கவில்லையா? முகவரியை நகலெடுத்து, இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ஒட்டுங்கள். மேற்கோளில் 'பார்த்த நாள்' இருந்தால், அதற்கு நெருக்கமான தேதியில் சேமித்த பக்கத்தைத் திறங்கள்.

படி 5: பயண வலைத்தளங்கள் சில விக்கிப்பீடியாவிலிருந்தே வரிகளை எடுத்துப் போடுகின்றன. கட்டுரையும் ஆதாரமும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தால் வேறு ஆதாரம் தேடுங்கள்.

தவறு என்று உறுதியானால் 'தொகு' பொத்தானை அழுத்தி, சரியான ஆதாரத்தோடு வரியை மாற்றலாம். தயக்கமாக இருந்தால் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் ஆதாரத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.